வண்டு வராத பருவம்

ஊர் முடிந்து பாலைவனம் தொடங்குகிற இடத்தில் அவருடைய மோட்டார் கடை இருந்தது. முன்பக்கம் தெரு, பின்பக்கம் மணலும் கல்லும். மின்விசிறி, தண்ணீர் மோட்டார், மிக்சி, தையல் மெஷின் என்று சுற்றுகிற சாமான் எதுவாக இருந்தாலும் அங்கே கொண்டுபோகலாம். பழுதான மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "பேரிங் போயிடுச்சு" என்பார். இல்லையென்றால், "செம்புக் காயில் நல்லாத்தான் இருக்கு, புஷ்தான் தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதனால் அவருக்குச் சுருதி என்று பெயர் வந்தது. சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

கடை போட்ட புதிதில் ஒரு காலை, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க உட்கார்ந்தவருக்கு ஒரு சத்தம் கேட்டது. சின்ன மோட்டார் ஒன்று விட்டுவிட்டு ஓடுகிற சத்தம். எதையோ அணைக்க மறந்துவிட்டோம் என்று ஒவ்வொரு சுவிட்சாகப் பார்த்தார். கடைசியில் மெயினையே அணைத்தார். அப்போதும் அது "ட்ர்ர்ர்" என்றது. நின்றது. மறுபடி "ட்ர்ர்ர்" என்றது. கரண்டே இல்லாமல் ஓடுகிற மோட்டாரை அவர் அதுவரை கண்டதில்லை.

பின்பக்க ஜன்னலைத் திறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஜன்னலுக்குக் கீழே, யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஒரு முள்கத்திரிச் செடி தானாக வளர்ந்திருந்தது. அந்தப் பாலைவனத்துக்கே சொந்தமான செடி. இலையில் சாம்பல் பூசினது போலச் சுணை, இலையின் நரம்பில்கூட முள். ஆனால் பூ மட்டும் அவ்வளவு அழகு. கத்திரிப்பூ நிறத்தில் ஐந்து மூலை, நடுவே ஐந்து மஞ்சள் குழல்கள், வாழைப்பழச் சீப்பைச் சுருக்கி வைத்தது போல. அந்தச் சீப்பைக் கட்டிப் பிடித்தபடி கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு தொங்கியது. இறக்கைகளை மடக்கி வைத்திருந்தது. உடம்பு மட்டும் கிடுகிடுவென்று அதிர்ந்தது. பூவும் சேர்ந்து நடுங்கியது. வண்டின் வயிற்றில் மஞ்சள் பொடி கொட்டியது.

அன்றிலிருந்து அவருக்கு அந்த ஜன்னல் பழகிவிட்டது. மழை பெய்து செடி பூத்தால், காலை வெயில் ஏறும் வரை அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையே ஓடும். கருவண்டு வந்தால் சத்தம் கனமாக இருக்கும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட குட்டித் தேனீ வந்தால் மெலிசாக, கொஞ்சம் கோபமாக இருக்கும். தேன்கூட்டுத் தேனீ எப்போதாவது வரும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் குழலுக்குள் அடைந்து கிடக்கும், நுனியில் ஊசித் துளைதான். அந்தத் தேனீக்குப் பூவை உலுக்கிக் கொட்டத் தெரியாது. பூவின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, கடை மூடியிருப்பதைப் பார்த்த ஆள் போலத் திரும்பிப் போய்விடும்.

இதையெல்லாம் அவர் திரும்பிப் பார்த்து அறிந்ததைவிடக் காதால் அறிந்ததே அதிகம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் காயில் கட்டுவார். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "இந்தா, பெரியவ வந்துட்டா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அவர் மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது. வருஷக்கணக்கில் அந்த வேலை பார்த்ததில் வீட்டில் உப்பு கேட்டாலும் தெருமுனைக்குக் கேட்கும். ஊரே அவளை மைக் அக்கா என்றது. ஒரே மகள். அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அம்மாவுக்கு நேர் எதிர். பஞ்சு போலப் பேசுவாள். கத்தினால் கற்றுக்கொள்கிறவர்கள் பயந்து பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்துவிடுவார்கள் என்பது அவள் அனுபவம்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பாவின் மடியில் நின்று ஜன்னல் வழியே வண்டு பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் அவளே விளக்கம் சொன்னாள்: "கிளட்சை மிதிச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டர் குடுக்குதுப்பா. இன்ஜின் ஓடுது, சக்கரம் சுத்தல. அதான் இறக்கை அசையாம உடம்பு மட்டும் ஆடுது." அந்த விளக்கத்தில் சுருதிக்கு ஏக சந்தோஷம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு மாதம் சொன்னார்.

இரண்டு வருஷம் பொய்த்த மழை, போன வருஷம் நன்றாகக் கொட்டியது. முள்கத்திரி இதுவரை இல்லாத அளவுக்குப் பூத்தது. சுருதி காலையில் சீக்கிரமே கடையைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

முதல் நாள், குளிர் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். மறுநாள் காற்று அதிகம் என்று சமாதானம் செய்துகொண்டார். அப்புறமும் ஜன்னல் ஊமையாகவே இருந்தது. காயில் கட்டும்போது போடுகிற கிட்டப் பார்க்கும் மூக்குக் கண்ணாடியோடு எட்டிப் பார்த்தால் எல்லாம் புகை மூட்டம். கண்ணாடியை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு வேளையில் வெளியே போய்ப் பார்த்தால், அந்த வெயிலில் எந்த வண்டு இருக்கும்? பூ மட்டும் நின்றது.

பக்கத்தில் புதிதாகக் கார் பெயின்ட் அடிக்கிற கடை வந்திருந்தது. சுருதியின் சந்தேகம் நேரே அங்கே போனது. விறுவிறுவென்று போய் நின்றார்.

"உன் பெயின்ட் புகையில எல்லாம் செத்துப் போச்சுப்பா! ஒரு வண்டுகூட வரல!"

பெயின்டர் முகமூடியைக் கழற்றாமலே, "வண்டி வரலன்னா நான் என்னண்ணே பண்றது? எனக்கும்தான் வரல" என்றார்.

"என்ன, மண்டையா? யாரைப் பார்த்து மண்டைங்கிற?"

"ஐயோ, வண்டிண்ணே! வண்டி!"

"நான் வண்டு பத்திப் பேசறேன், நீ என் மண்டைய பத்திப் பேசற!"

இருவரும் கொஞ்ச நேரம் வேறு வேறு விஷயத்துக்காகச் சண்டை போட்டார்கள். கடைசியில் பெயின்டர் முகமூடியைக் கழற்றிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். சண்டை முடிந்ததே தவிர, சுருதியின் மனசு ஆறவில்லை. அந்தக் கருவண்டு தன் கடைக் கூரையின் பழைய உத்திரத்தைக் குடைந்துதான் குடியிருந்தது. ஓட்டை அப்படியே இருக்கிறது. குடியிருந்தவள் எங்கே போனாள்?

அந்த வாரம் செம்புக் கம்பி வாங்க அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மகள் விடுமுறை போட்டுவிட்டு, "நான் கூட்டிட்டுப் போறேம்ப்பா" என்றாள். பாலைவனத்தை வெட்டிக்கொண்டு போகிற சாலை. இரண்டு பக்கமும் கத்திரிப்பூ நிறத்தில் திட்டுத் திட்டாகச் செடிகள். சுருதி கார் ஜன்னலை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இவ்வளவு பூவுக்கும் யார் வரப் போகிறார்கள் என்பதே கவலை. மகள் சாலையைப் பார்த்தபடி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். காற்று "ஹோ"வென்று அடித்ததில் பாதி காதில் விழவில்லை. பயிற்சிப் பள்ளிக் கதையாக இருக்கும் என்று இவரும் இடையிடையே தலையை ஆட்டினார். ஒரு வளைவு தாண்டியதும் அவள் வேகத்தைக் குறைத்து, இவர் பக்கம் திரும்பி எதையோ கேட்டாள். முன்னால் சாலையோரத்தில் ஒரு டீக்கடை தெரிந்தது.

"சரிம்மா, உனக்கு எது தோணுதோ அப்படியே செய்" என்றார் சுருதி.

அவள் கண் கலங்கிவிட்டது. மணல் விழுந்திருக்கும் என்று இவர் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னார். அவள் ஒரு கையால் இவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, டீக்கடையைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். டீ வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பூக்கள் உதிரத் தொடங்கியபோது செடியில் காய் பிடித்திருந்தது. கோலிக்குண்டு அளவில், பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட காய்கள். ஒன்றிரண்டல்ல, கிளைக்குக் கிளை. சுருதி அசந்து நின்றுவிட்டார். முன்பு ஒரு வருஷம் பூக்கிற காலம் முழுக்க மணற்புயல் அடித்து வண்டு வராமல் போனபோது, ஒரு காய்கூட இல்லாமல் பூவெல்லாம் காம்போடு கொட்டியதை அவர் பார்த்திருக்கிறார். உலுக்க ஆளில்லாமல் இவ்வளவு காய் எப்படி வந்தது?

விடுமுறை நாளில் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். காலை நேரம். கிளை நுனியில் இன்னும் பூக்கள் மிச்சம் இருந்தன.

"வண்டே வரல. ஆனா காய்ச்சிருக்கு பாரு" என்றார்.

மைக் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "என்னங்க வெளையாடறீங்களா? அந்தா தொங்குதே, அது என்ன? காதே கிழியற மாதிரி கத்துது!"

அவள் காட்டிய இடத்தில் கருவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைகளை மடக்கி, மஞ்சள் சீப்பைக் கட்டிப் பிடித்து, உடம்பு அதிர, பூ நடுங்க. பொடி கொட்டியது. அது பறந்து அடுத்த பூவுக்குப் போனது. நீலப் பட்டைக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் மட்டும் ஓடுகிற டிவி போல எல்லாம் சுருதியின் கண்முன் நடந்தது.

அவர் காதில் விரலை விட்டுக் குடைந்தார். மறுபடி பார்த்தார். வண்டு எங்கேயும் போகவில்லை என்பது தெரிந்தது. போனது எது என்பதும் தெரிந்தது.

மைக் அக்காவுக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் உறைத்தது. அவள் போடுகிற சத்தத்தில் அவருக்கு எல்லாமே கேட்டது. கடைக்கு வருகிறவர்களும் மோட்டார் இரைச்சலில் கத்தித்தான் பேசுவார்கள். அதனால் அவர் காது மந்தமானது யாருக்கும் தெரியாமலே போயிருக்கிறது. அவள் அவர் முதுகுப் பக்கம் போய் நின்று, ஊரில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்து, "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"நீ எங்க பேசின?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னதான் சொன்ன?"

"உங்களைத் திட்டினேன். நல்ல சந்தர்ப்பம், விட மனசு வரல."

சுருதிக்குச் சிரிப்பு வந்தது. "சுருதின்னு பேரை வெச்சுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். முள் குத்தாமல் இலையை ஒதுக்கி, அவர் ஆள்காட்டி விரலை ஒரு பூக்காம்பின் அடியில் வைத்தாள். "அசையாம நில்லுங்க" என்றாள். கருவண்டு சுற்றிச் சுற்றி வந்து அந்தப் பூவிலேயே உட்கார்ந்தது. பாரத்தில் காம்பு வளைந்தது. அப்புறம் விரல் நுனியில் சின்னதாக ஒரு கிடுகிடுப்பு ஓடியது. நல்ல பேரிங் போட்ட மோட்டாரின் மேல் கை வைத்தது போல, சீரான அதிர்வு.

"ஓடுது" என்றார் சுருதி. "நல்லாவே ஓடுது."

அதன் பிறகு அவருக்கு ஒரே யோசனை. தான் கேட்கவில்லை என்பதே தெரியாமல் எத்தனை நாளாக, எதற்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறோம்? இப்போதெல்லாம் மோட்டாரைக் காதால் கேட்பதை விட்டுவிட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்க்கிற பழக்கம் தனக்கு எப்போது வந்தது? பெயின்டரிடம் போய், "அன்னிக்கு நீ மண்டைன்னு சொல்லலதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

காது டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ஒரு மாலை வீட்டு வாசலில் இருவர் வந்து நின்றார்கள். ஒருவர் நாற்பதை நெருங்குகிற ரொட்டிக்கடைக்காரர், சட்டைக் கையில் மாவு. கூட அவருடைய அக்கா. கையில் சுடச்சுட ரொட்டி நிறைந்த பை.

"வாங்க" என்றார் சுருதி, எந்த மோட்டார் என்று கேட்கும் முகத்தோடு.

அந்த அக்கா உட்கார்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க பெரிய மனசு பண்ணிச் சம்மதம் சொன்னீங்கன்னு தம்பி சொன்னான். அன்னிக்கே ஓடி வந்திருக்கணும். எனக்குத்தான் முட்டிவலி."

சுருதி மகளைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்று தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காரில் அவள் கண் கலங்கியது அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. டீக்கடையைத் தாண்டி அவள் ஓட்டிக்கொண்டு போனதும் நினைவுக்கு வந்தது.

"என்ன சம்மதம்?" என்று மைக் அக்கா அடுக்களையிலிருந்து வந்தாள். விஷயம் தெரிந்ததும் வீடு அதிர்ந்தது. "அப்பாவும் பொண்ணும் பேசி முடிச்சாச்சா? ஊருக்கெல்லாம் எந்த பஸ் எப்ப வரும்னு நான் சொல்றேன். என் வீட்டுக்கு மாப்பிள்ளை வர்றது எனக்கே தெரியல!"

"அப்பாவே உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேம்மா" என்றாள் மகள்.

ரொட்டிக்கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சுருதிக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "ஆமா, சொல்ல மறந்துட்டேன்" என்றால் போதும், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். மகளின் முகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்லவும் ஆசையாக இருந்தது. ஆனால் அவருக்கு மனசு ஒப்பவில்லை. வந்தவர்களிடம், "கொஞ்சம் உட்காருங்க, டீ சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மகளை மட்டும் வாசலுக்கு அழைத்துப் போனார்.

"அன்னிக்குக் கார்ல நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கலம்மா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"காது போயிடுச்சு. எனக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது. நீ டீ குடிக்கலாமான்னு கேக்கறன்னு நெனச்சேன்."

அவள் முகம் வாடியது. எத்தனை மாதமாகத் தைரியம் சேர்த்து, எத்தனை தடவை கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்ன விஷயம் அது. "அப்போ நீங்க சரின்னு சொல்லலையாப்பா?" என்று கேட்டாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. நீ சொல்லவே இல்லேன்னு வெச்சுக்க. இப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. கத்திச் சொல்லு."

அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை. முதலில் குரல் உடைந்தது. பிறகு அம்மாவின் ரத்தம் எங்கேயோ இருந்து வந்தது. "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா! கல்யாணம் பண்ணிக்கணும்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. உள்ளே ரொட்டிக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

சுருதி அசரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார். ஏற்கெனவே கல்யாணமாகிப் பிரிந்தவர் என்று அவள் சொன்னபோது அவர் நெற்றி சுருங்கியது. ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டார். குழந்தை இல்லாத ஏக்கத்தில் இருவரும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்றும், அது தன் தப்பும்தான் என்று அவரே முதலில் சொன்னார் என்றும் மகள் சொன்னாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், தேர்வில் இரண்டு தடவை தோற்றதற்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்டாராம். சில வார்த்தைகளை இரண்டு தடவை சொல்ல வைத்தார் சுருதி. அவளும் சலிக்காமல் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்தபோது தெரு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

"இப்ப கேட்டுச்சு" என்றார். "இப்ப சொல்றேன். எனக்குச் சம்மதம்."

அவள் அவர் தோளில் சாய்ந்து அழுதாள். உள்ளேயிருந்து மைக் அக்காவின் குரல், "எனக்கும் ஒரு சம்மதம் இருக்குல்ல? அதை யாராவது கேப்பீங்களா?" என்றது. ரொட்டிக்கடைக்காரர் நடுங்கிய குரலில் கேட்டார். கிடைத்தது.

கல்யாணம் எளிமையாக, பதிவு அலுவலகத்தில் நடந்தது. பெயின்டர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். காது டாக்டர் காதில் மாட்டிக்கொள்ள ஒரு சின்ன மெஷின் கொடுத்தார். மோட்டார் இரைச்சலில் போடக் கூடாது என்பதால் கடையில் கழற்றி வைத்துவிட்டு, மற்ற நேரத்தில் போட்டுக்கொள்கிறார் சுருதி. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தவர், மனைவி வாயைத் திறந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவளும் குரலைத் தாழ்த்தப் பழகுகிறாள். சில நாள் முடிகிறது.

இந்த வருஷமும் சுமாராக மழை பெய்தது. மகள் வாரத்துக்கு ஒரு தடவை வந்து அப்பாவைக் காரில் வெளியே கூட்டிப்போகிறாள். போன முறை, பாலைவனத்துச் சாலையில் பாதி தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாள். சுருதிக்குத் திக்கென்றது. மெஷினைச் சரிசெய்துகொண்டு, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகலப்பா. சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்னுதான்."

அவர் இருக்கையை ஒருக்களித்து அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.